பூத்தால் சொல்லுங்கள்

மாண்ட்ரியலில் வசந்தம் வருவது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். பனி உருக உருக, குளிர்காலம் முழுக்க அது மூடி வைத்திருந்த நாய்ப் பீ, சிகரெட் துண்டு, ஊறிப்போன ஒற்றைக் கையுறை எல்லாம் நடைபாதையில் வெளியே வரும். இத்தனை வருஷமாகியும் எனக்குக் குமட்டுகிறது. இதற்கு நடுவில் நின்றுகொண்டு "ஆஹா, ஸ்பிரிங்!" என்று பூரிக்கிறவர்களைக் கண்டால் இன்னும் குமட்டுகிறது.

எனக்கு வசந்தம் என்றால், மாண்ட்ரியல் தீவின் மேற்குக் கோடியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேப்பிள் காட்டில், விழுந்து கிடக்கும் ஒரு மரத்தடியில் பூக்கும் வெள்ளைப் பூக்கள்தான். பிரெஞ்சில் சங்கினேர் என்பார்கள். ஒற்றை இலையைப் போர்த்திக்கொண்டு சருகுக்குள்ளிருந்து எழும்பும். இரண்டு நாள் இருந்தால் அதிகம். காற்றடித்தால் அதுவும் இல்லை. வருஷா வருஷம் போய்ப் பார்த்துவிடுவேன்.

போன குளிர்காலத்தில் முழங்கால் ஆபரேஷன். மாதக்கணக்கில் நாலு சுவரும் தைல நெடியும்தான். அந்தப் பூவை அது இருக்கும் இடத்தில் பார்க்காமல் என் குளிர்காலம் முடியாது என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஏப்ரல் பிறந்ததும் கணவரிடம் சொன்னேன்.

"வாக்கிங் போறப்ப அந்த மரத்தடிய எட்டிப் பாருங்க. பூத்தா சொல்லுங்க. வாக்கரைத் தள்ளிக்கிட்டாவது வந்துடறேன்."

தினமும் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் இல்லம்மா" என்பார். மனுஷர் இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போனேன்.

ஒரு நாள் காலை ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையில் மளிகைக் கடை பிளாஸ்டிக் பை. "பூத்துடுச்சு!" என்று சாமி அலமாரி முன்னால் அதைக் கவிழ்த்தார். ஒன்று விடாமல் எல்லாம். கிள்ள வராமல் பிடுங்கியிருக்கிறார். வேரும் மண்ணுமாகக் கிடந்தன. ஒடிந்த இடத்திலெல்லாம் ரத்தம் மாதிரிச் சாறு கசிந்து, அவர் விரல்கள் பிசுபிசுவென்று சிவந்திருந்தன. ஒரு பூவை எடுத்துப் பிள்ளையார் தலையில் வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் இதழெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

நம் ஆட்களுக்குப் பூவென்று ஒன்றைக் கண்டால் பறித்தே ஆகவேண்டும். சென்னையில் விடியற்காலையில் அடுத்தவர் காம்பவுண்டுக்குள் நுழைந்த அதே கை. இத்தனைக்கும் பாலம் கட்டிய இன்ஜினியர். அவர் மேல் அருவருப்பா, வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளையார் மேலா, எனக்கே தெரியவில்லை.

"பாக்கணும்னுதானே கேட்டேன்" என்றேன்.

"பாரேன். பக்கத்துலயே வெச்சுப் பாரு." சேற்றுக் கையாலேயே என் தலையைத் தடவினார். "அந்தச் சகதியில நீ வழுக்கி விழுந்து வெச்சேன்னா? அதான் எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். இனிமே நீ அங்க போகவே வேண்டாம்."