மூன்று முறை ஓகே

அந்த வாக்கி டாக்கியின் பொத்தான் தேய்ந்து குழிந்திருந்தது. அதை அழுத்திப் பேசிய நாங்கள் அனைவரும் பெரும்பாலும் பேசியது ஒரே சொல்லைத்தான்: ஓகே. வடசென்னையின் சாத்தாங்காட்டில் இரும்புத் தகடுகளை ஏற்றி இறக்கும் யார்டு ஒன்றில் பல ஆண்டுகள் நான் சிக்னல்மேனாக இருந்தேன். எப்போது தூக்கலாம், எங்கே இறக்கலாம் என்பதைத் தரையில் நின்றபடி கிரேன் ஓட்டுபவருக்குத் தெரிவிப்பது என் பணி. நான் சொன்னால் இரும்பு எழும்பும். நான் சொன்னால் நிற்கும். அந்தப் பொறுப்பின் பெருமை எனக்குச் சற்று அதிகமாகவே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தடையில்லை.

எங்கள் யார்டில் சம்மதம் என்பது எப்போதும் ஆங்கிலத்திலேயே வெளிப்படும். மறுப்பதற்குத் தமிழ் போதுமானதாயிருந்தது. சம்மதிக்கத்தான் ஆங்கிலம் தேவைப்பட்டது. பின்னோக்கி வரும் லாரிக்கு ‘ரைட்’, எடைமேடை எழுத்தர் நீட்டும் சீட்டுக்கு ‘கரெக்ட்’, நல்ல டீக்கு ‘சூப்பர்’, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் ‘டபுள் ஓகே’. மேலதிகாரி எதைச் சொன்னாலும் ‘எஸ் சார், ஓகே சார்’. அதிகாரி ஒருவரை இரண்டாம் முறை சொல்ல வைப்பது மரியாதைக் குறைவு என்பது எங்களிடையே எழுதப்படாத விதி. ஆகவே புரிந்தாலும் ஓகே; புரியாவிட்டாலும் ஓகே. அவர் அகன்ற பிறகு ஒருவரையொருவர் கேட்டு, பாதியை ஊகித்து, வேலையை முடித்துவிடுவோம். ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமைந்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆயினும் நாளிதழைத் தவறாமல் படித்து, டீ நேரத்தில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். அதனால் யார்டில் எனக்கு ‘வாத்தியார்’ என்று பெயர். அந்தப் பெயரை எனக்கு வைத்தவர் கிரேன் ஓட்டுநர். தண்டையார்ப்பேட்டைக்காரர், எங்கள் எல்லோருக்கும் அவர் ‘பாய்’. என் வயதுதான் இருக்கும். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்துகொண்டு, கீழே நடக்கும் எல்லாவற்றையும் கேலி செய்வது அவருடைய வழக்கம்.

வெளிமாநிலத்திலிருந்து இளம் எஞ்சினியர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். தமிழ் அறியாதவர், ஆங்கிலத்தை மிக வேகமாகப் பேசுவார். ஒரு நாள் முற்பகலில் தகட்டுக் கட்டு ஒன்றுக்கு, பாரம் தூக்கும் பட்டைகளான பெல்ட்டுகள் இரண்டை மாட்டி, கொக்கியில் கோத்து, தூக்குவதற்கு ஆயத்தமாக நின்றோம். அதை ஏற்ற வேண்டிய லாரியின் மேல், மரக்கட்டைகளைச் சரிசெய்தபடி நின்றவன் என் சொந்தத் தம்பி. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அப்போது வாக்கி டாக்கியில் அலுவலகத்திலிருந்து எஞ்சினியரின் குரல் வந்தது. நீளமாக எதையோ சொன்னார். அதில் ‘பெல்ட்’ என்ற ஒரு சொல் மட்டுமே எனக்கு அகப்பட்டது. “ஓகே சார். ஓகே, ஓகே சார்” என்றேன். அவர் பேச்சு நின்றது. நான் கையை உயர்த்தித் தூக்கச் சொன்னேன்.

கிரேன் அசையவில்லை.

“வாத்தியாரே, இன்னா சொன்னாரு?” என்று பாயின் குரல் கேட்டது.

“பெல்ட்ட பத்தி சொன்னாரு. நீ தூக்கு பாய்.”

“பெல்ட்டுக்கு இன்னாவாம்?”

“அதான் ஓகேன்ட்டேன்ல?”

“நீ ஓகேன்ன. அவரு இன்னான்னாரு? அத்த சொல்லு, ஒடனே தூக்கறேன்.”

நான் மறுபடியும் கையை உயர்த்தினேன். பாய் கிரேனின் எஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த இரைச்சல் அடங்கியதும் யார்டு முழுவதும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “இன்னா நைனா, மேல குந்திகினு தூங்குறாரா? எனக்கு இன்னும் ரெண்டு லோடு கீது!” என்று கூவினார். லாரியின் மேலிருந்து என் தம்பி, “ண்ணா, இன்னும் செத்த நேரம் போனா நான் கருவாடுதான். எறக்கச் சொல்லுண்ணா!” என்றான். சுற்றிலும் சிரித்தார்கள். வாத்தியார் என்ற பெயர் அன்றோடு போய்விடும் என்று நான் அஞ்சினேன். பாயின் மேல் கடுங்கோபம் வந்தது. இன்னொரு முறை அதட்டியிருந்தால் ஒருவேளை தூக்கியும் இருப்பார். அதட்டுவதற்காகவே வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனேன். அந்த நொடியில் தம்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் என்மேல் எந்த ஐயமும் இல்லை.

“நோ சார்” என்றேன். “புரியல சார்.”

அந்தக் கருவியில் ‘நோ’ என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். பிறகு எஞ்சினியர் அலுவலகத்திலிருந்து நடந்தே வந்தார். தகட்டுக் கட்டின் அருகே குந்தி, ஒரு பெல்ட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மேலே புதிது போல் மஞ்சளாக இருந்த அந்தப் பெல்ட், அடியில் தகட்டின் கூர்விளிம்பு பட்டுப் பாதிக்கு மேல் அறுந்திருந்தது. அந்தக் கிழிசலுக்குள் அவருடைய இரண்டு விரல்கள் நுழைந்தன. அதே விரல்களால் தகட்டுக் கட்டையும், அது கடந்து போகும் பாதையையும், கடைசியில் என் தம்பியையும் சுட்டினார். அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. நான் அருகிலிருந்த தகட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் அது சுட்டதுகூடச் சற்றுத் தாமதமாகவே உறைத்தது.

எடைமேடை எழுத்தர் மொழிபெயர்த்தார்: “காலையிலயே பாத்தாராம். இந்தப் பெல்ட்ட மாத்திட்டுத் தூக்குன்னு சொன்னாராம். நீ மூணுவாட்டி ஓகே சொன்னியாம், அதான் நம்பி ஒக்காந்துட்டாராம்.”

பெல்ட்டை மாற்றினோம். கட்டு எழும்பியது; லாரியில் பூப்போல இறங்கியது. “இதுக்கா இத்தினி நேரம்?” என்று அலுத்துக்கொண்டான் தம்பி.

மாலையில் பாயிடம் கேட்டேன்: “உனக்கு எப்டி பாய் அவரு பேசனது புரிஞ்சுது?”

“எனக்கு மட்டும் இங்கிலீஷு தெரியுமா? ஒரு மண்ணும் புரியல” என்றார் அவர். “ஆனா ஒன்னியத் தெரியும் மாமு. புரிஞ்சா நீ ஒருவாட்டி ஓகேன்னுவ. புரியலன்னாதான் மூணுவாட்டி. நானும் அதே கேஸுதான்.”

மூன்று ஓகேக்களைக் கேட்டு எஞ்சினியர் மும்மடங்கு நிம்மதியடைந்திருக்கிறார். பாய் மும்மடங்கு அஞ்சியிருக்கிறார். படித்தவரை விட, எங்களில் ஒருவராக இருந்தவருக்கே அந்தச் சொல்லின் உண்மை நிலவரம் தெரிந்திருந்தது. மறுநாள் முதல், ஓகே சொல்பவர் என்ன செய்யப் போகிறார் என்பதையும் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்பது யார்டின் வழக்கமாயிற்று. எஞ்சினியர் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட சொல் ‘புரியல’. அதை அவர் எங்களிடம் தாராளமாகப் பயன்படுத்தினார். இப்போது என் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் எதற்கும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுகிறார்கள். நான் உடனே அழைத்து, என்ன புரிந்தது என்று கேட்கிறேன். தாத்தா நச்சரிக்கிறார் என்கிறார்கள். நச்சரித்துவிட்டுப் போகிறேன்.

பெல்ட்டை மாற்றிய அன்று மாலை, வீடு திரும்பும் பேருந்தில் தம்பி என் பக்கத்தில் அமர்ந்து, ஏறிய சிறிது நேரத்திலேயே உறங்கிப்போனான். அவன் தலை என் தோளில் சாய்ந்தது. உடம்பெல்லாம் வியர்வையும் இரும்புத் துருவும் கலந்த வாடை. வேறொரு நாளாயிருந்தால் இடித்து எழுப்பியிருப்பேன். தேரடி நிறுத்தம் வந்தது. நாங்கள் இறங்க வேண்டிய இடம் அதுதான். நான் அவனை எழுப்பவில்லை. பேருந்து எங்களைச் சுமந்துகொண்டு கடைசி நிறுத்தமான எண்ணூர் வரை போயிற்று.