சுகம் என்று இரண்டு தரம்

பெரியப்பாவின் உருப்பெருக்கிக் கண்ணாடி இப்போது என் மேசையில் கிடக்கிறது. எங்கள் மன்னார்க் கரையில் தபாலதிபராக இருந்தவர் அவர். ஓய்வுபெற்ற பிறகும், வெளிநாட்டுப் பிள்ளைகளின் கடிதங்களை வாசித்துக் காட்டச் சொல்லிப் பெண்கள் வீடு தேடி வருவார்கள். அவருக்கோ எந்தக் கடிதத்திலும் நம்பிக்கை கிடையாது. "சுகம் எண்டு ஒருதரம் எழுதினா சுகம். ரெண்டு தரம் எழுதினா ஆருக்கோ சுகமில்லை" என்பார். அது பலித்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். கோயிலில் பங்குச் சாமியார் வாசிக்கும் அறிவித்தலையே சந்தேகத்தோடு கேட்கும் மனிதர். அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு எண்பது தாண்டியிருந்தபோது, பிரான்சிலிருந்த மகன் இறந்துபோனான். கிழவரின் இதயம் தாங்காது என்று டொக்டர் சொன்னதால் மறைத்துவிட்டோம். அவனுடைய ஆன்மாவுக்கான பூசையைக்கூட வேறு ஊர்ப் பங்குக் கோயிலில் ஒப்புக்கொடுத்தோம். அங்கேயே இருந்த அவருடைய மகள், தம்பியின் பெயரில் போனுக்குச் செய்தி அனுப்பினாள். "அப்பா, நான் நல்ல சுகம். வேலையும் சுகம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, சுகமாய் இருக்கிறன்." இதைவிட வெளிச்சமாக ஒரு பொய்யை அவர் முன்னால் வைக்க முடியாது.

பெரியப்பா கண்ணாடியைப் பிடித்து, ஒரு சொல் தவறாமல் உரக்க வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பாத்தியோ, பெடியன் சுகமாத்தான் இருக்கிறான்" என்று சிரித்தார்.

நடிக்கிறாரோ என்று சந்தேகம். "ஏன் பெரியப்பா, கதைக்காமல் எழுதுறான்?" என்று ஒருநாள் வாயைக் கிளறினேன். "வேலை கூடவாக்கும்" என்றார். நடிப்பில்லை. எழுத்தெல்லாம் அவருக்கு விளங்கியது. எழுதாமல் விட்டதைத்தான் காணவில்லை. முதலில் தப்பினோம் என்றிருந்தது. பிறகு, மகனோடு, எதையும் சந்தேகிக்கும் அந்தத் தகப்பனையும் பறிகொடுத்துவிட்டோமே என்று அழுகை வந்தது. மகன் இருக்கிறான் என்ற நம்பிக்கையோடுதான் அவர் கண்ணை மூடினார்.

போன கிழமை கொழும்பிலிருக்கும் என் மகளிடமிருந்து செய்தி வந்தது. வாசித்துவிட்டு, சந்தோசமாகத் தேத்தண்ணி கேட்டேன். மனைவி போனை எடுத்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு தரம் சுகம் எண்டு போட்டிருக்கிறாள். நீங்கள் காணேல்லையோ?"

கண்ணாடியை எடுத்துப் பிடித்தேன். இரண்டு சுகமும் பெரிதாகத் தெரிந்தன. மகளுக்குப் போன் எடுத்தால், "ஒண்டுமில்லையப்பா, சுகம்" என்கிறாள்.

நிமிர்ந்தேன். மனைவி போனைப் பார்க்கவில்லை. அன்று நான் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தது போல, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.