ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் இறங்கினார் கன்னியப்பன் அண்ணன்

கன்னியப்பன் அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, திருப்புட்குழியில் மகன் வீட்டில்... தூக்கத்திலேயே.

லாரி டிரைவர். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு லாரி கம்பெனியில் அவர் ஸ்டியரிங் பிடித்தார், நான் அதே வண்டியில் மூட்டை தூக்கினேன்.

மாலை போட்ட அவர் படம் ஒன்றை இங்கே பதிவிட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் அந்தக் கம்பெனி முதலாளியின் பேரன் காலையிலேயே ஒரு போட்டோவைப் போட்டு, "எங்கள் தாத்தாவின் விசுவாசமான டிரைவர்" என்று எழுதியிருக்கிறான். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி.

விசுவாசமா? தம்பி, உன் தாத்தாவுக்கும் அவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எங்கள் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. லிவர் இருக்கும், இழுத்தால் கடகடவென்று சத்தம்கூட வரும். பிடிக்கத்தான் பிடிக்காது. வண்டி நின்றதும் எங்களில் ஒருவன் குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைக்க வேண்டும்.

மாற்றச் சொன்னால் முதலாளி சிரிப்பார். "காஞ்சிபுரத்துல ஏதுபா மேடு பள்ளம்? அதான் கட்டை இருக்குது இல்ல... அப்புறம் இன்னாத்துக்கு வெட்டிச் செலவு?"

ஆனால் பட்டுக்கடைக்காரர்களிடம் லாரி வாடகையை ஏற்றும்போது மட்டும் எங்கள் வண்டியில் எல்லாமே புது ஸ்பேர்! டீசல் விலை, டயர் விலை என்று அவர் அளந்துகொண்டிருப்பார். மொட்டை டயரில் சாய்ந்து நின்று நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம்.

கொள்ளை வாடகை என்று கடைக்காரர்கள் திட்டுவதோ எங்களை.

வாலாஜாபாத் பக்கம் ஒரு ரைஸ் மில். குடோன் வாசலில் சரிவு. கட்டை நழுவி, வண்டி பின்னால் வந்தது... சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஏழுமலை. என்னோடு மூட்டை தூக்கியவன், என் கூட்டாளி.

வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. ஏழுமலையின் காதுபடவே முதலாளி சொன்னார். "ஹேண்ட் பிரேக்கு பக்காவா கீது சார். இவன்தான் பராக்கு பாத்துக்கினு நின்னுட்டான்."

கன்னியப்பன் அண்ணனுக்கு முகம் கறுத்துப்போனது. "பக்காவா இருந்தா நீங்க வந்து வண்டிக்குப் பின்னாடி நில்லுங்க மொதலாளி. நான் பிரேக்கப் போட்டுட்டு எறங்குறேன்."

முதலாளி முறைத்துவிட்டுப் போய்விட்டார். தப்பு ஏழுமலையுடையது என்று போலீஸ் எழுதி முடித்தது. அவனுக்கு வேலையும் போயிற்று, நஷ்டஈடும் இல்லை. அண்ணன் மறுநாளும் வழக்கம்போல வண்டியை எடுத்தார்.

அடுத்து வந்தது காணும் பொங்கல்.

வருஷா வருஷம் அன்றைக்கு முதலாளி பட்டுக்கடைக்காரர்களைத் தென்னேரி ஏரிக்கரைக்கு அழைத்துப்போய் விருந்து வைப்பார். புளியோதரை, வடை, பாயசம்... எல்லோரும் கை கழுவியதும் புது வாடகையைச் சொல்வார். சாப்பிட்ட கையோடு எவன் சண்டைக்கு வருவான்?

ஜமக்காளமும் அண்டாவும் எங்கள் லாரியில் போயின. முன் சீட்டில் ஏழுமலை! அண்ணன்தான் வீட்டுக்கே போய்த் தூக்கி உட்கார வைத்து அழைத்து வந்திருந்தார். கடைக்காரர்கள் முன்னால் முதலாளியால் அவனைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

ஏழுமலையும் இறங்கி ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். சாப்பாடு முடிந்தது. "நம்ம வண்டிங்க எல்லாம் பக்கா கண்டிஷன்" என்று முதலாளி ஆரம்பித்தார். அண்ணன் எழுந்து போனார்.

வண்டியை எடுத்து, தண்ணீருக்குள் இறங்கும் சரிவில், பின்பக்கம் ஏரியைப் பார்க்க நிறுத்தினார். லிவரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இழுத்தார். இறங்கும்வரை காலால் பிரேக்கை மிதித்தபடியே, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

நான் கட்டையோடு ஓடினேன். "வேணாம்பா. அதான் பக்கான்னு சொல்லிக்கினு கீறாரே..." என்று சொல்லிவிட்டுக் குதித்தார்.

லாரி மெதுவாகத்தான் கிளம்பியது. கரையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தை மாசத்து நிறைந்த ஏரிக்குள் பின்புறமாகவே போய் இறங்கியது... கடைசியில் கேபினுக்கு மேலே எழுதியிருந்த கம்பெனி பேர் மட்டும் வெளியே தெரிந்தது.

முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "டேய்! கட்டை வெக்கலையாடா?"

"ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் எறங்குனேன் மொதலாளி. பக்காவா கீதுன்னு போலீஸாண்டயே சொன்னீங்களே."

பிரேக் பிடிக்காது என்று சொன்னால் ஏழுமலை விஷயத்தில் சொன்னது பொய் என்றாகிவிடும். பின்னால் கடைக்காரர் ஒருவர் கேட்டார்: "இந்த வண்டிலதான் எங்க பட்டு போவுதா?"

ஏழுமலை கக்கத்துக் கட்டையை ஊன்றி ஊன்றிக் கரை ஓரம் வரை வந்தான். முதலாளியின் முகத்துக்கு நேரே நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"பராக்கு பாத்துக்கினு நின்னுட்டீங்களா மொதலாளி?"

அந்த வருஷம் வாடகை ஏறவில்லை. பாதிக் கடைக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள். அண்ணனை வேறு ஏதோ காரணம் சொல்லி விரட்டினார்கள், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஏழுமலைக்குக் கால் திரும்பி வரவில்லை, எனக்கு ஆத்திரமும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஆள் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் வயிறு குளிர்கிறது. முதலாளி செத்தபோது அந்த வீட்டுக்கு நான் போகவில்லை.

தம்பி, அந்த 'விசுவாசம்' என்ற வார்த்தையை எடுத்துவிடு. போட்டோ இருக்கட்டும், நன்றாக இருக்கிறது.

போய் வாங்க அண்ணே. ஏழுமலை உங்களுக்கு முன்பே அங்கே போய்விட்டான்...

முதலாளியும் அங்கேதான் எங்கேயாவது இருப்பார். பார்த்தால் வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.