விரதம் இருந்தும் குறையாத தாடை

உங்கள் வீட்டில் யாருடைய இரட்டைத் தாடையையாவது கிண்டல் பண்ணியிருக்கிறீர்களா? நான் பண்ணினேன். காலேஜ் படிக்கிறவன், எல்லாம் தெரியும் என்ற திமிர்.

மொரீஷியஸில், காத்ர் போர்ன் ஊரில் நானும் கமலா அக்காவும்தான் இருந்தோம். அவளுக்குத் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை மாதிரிச் சதை. எண்ணெய் தேய்த்தாள், துணியால் இழுத்துக் கட்டினாள், ஒன்றும் அசையவில்லை.

"காவடிக்கு விரதம் இரு அக்கா. முருகன் அந்த ரெண்டாவது தாடையை எடுத்துக்குவார்" என்றேன்.

"ஆலே, போடா! முதல்ல உன் வாயை எடுத்துக்கட்டும்" என்று சிரித்தாள்.

ஆனாலும் பத்து நாள் விரதம் இருந்தாள். கன்னம் ஒட்டியது, வளையல் முழங்கை வரை ஏறியது. தாடை மட்டும் அப்படியே இருந்தது. விரதம் முடிந்த பிறகும், "இன்னும் கொஞ்சநாள் பாதிச் சாப்பாடு போதும்" என்று நான்தான் சொன்னேன். அவளும் நம்பினாள். சில மாதங்களில் சோறு விழுங்க முடியாமல் போனது. அன்றுதான் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "கொழுப்புன்னா உடம்போட சேர்ந்து அதுவும் குறைஞ்சிருக்குமே தம்பி. இது கட்டி. இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

பரிசோதனை முடிவு வந்ததும், புற்றுநோய், ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்.

இப்போது யார் கழுத்தில் வீக்கத்தைப் பார்த்தாலும், கெட்டியாக இருக்கிறதா, உடம்பு இளைத்தும் குறையவில்லையா என்று கேட்டுவிட்டு, டாக்டரிடம் போகச் சொல்லிக் கெஞ்சுகிறேன்.

அக்கா இறந்து இன்று பதினாறாம் நாள்.