சமையலறையில் பேசும் பெண்

காலையில் பூங்காவில் நடக்கும்போது சரித்திரம். துணி மடிக்கும்போது யாராவது இரண்டு பேர் பேசிச் சிரிக்கும் நிகழ்ச்சி. பாத்திரம் அடுக்கும்போது கதை கூடாது, ஸ்டீல் சத்தத்தில் முக்கியமான வரி போய்விடும். சமைக்கும்போது சாப்பாட்டைப் பற்றி ஏதாவது. எந்த வேலைக்கு எந்த பாட்காஸ்ட் என்று நான் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு மந்தைவெளி வீட்டில் பகல் முழுவதும் இருக்க ஆரம்பித்த பிறகு அது தானாக அமைந்துவிட்டது.

பூங்காவில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள். புடவைக்கு ஷூ போட்டுக்கொண்ட மாமிகள் மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வேகமாக முந்திப் போவார்கள். என் காதில் யாரோ ஓர் இளைஞர் ஏரிக்குக் கரை கட்டிய விதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். பேச்சு நல்ல இடத்தில் இருந்தால் வீட்டுக்குத் திரும்ப மனம் வராது, இன்னொரு சுற்று போவேன். பிரசவத்துக்குப் பின் ஏறிய எடையில் பாதி குறைந்தது சோழர் காலத்து ஏரிகளால்தான்.

வீட்டில் மட்டும் இயர்போனை ஒரு காதில்தான் மாட்டிக்கொள்வேன். இன்னொரு காது குழந்தைக்கு. அதற்கே மனம் அடித்துக்கொள்ளும். குழந்தை விளையாடுகிறாள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன், ஆனால் உண்மையில் இருக்கிறேனா? இந்த மாதிரிக் கேள்விகளை நானே கேட்டு நானே மழுப்பிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

இரண்டு வயது முடிந்து தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்.

"ரெண்டு வார்த்தையச் சேத்துச் சொல்றாளா? பால் வேணும், அப்பா வா... இப்படி?"

இல்லை. பால் என்பாள், அப்பா என்பாள், காக்கா என்பாள். ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிந்தது, காது நன்றாகக் கேட்டது. டாக்டர் அதையெல்லாம் சோதித்துவிட்டு, "கொஞ்ச நாள் பாக்கலாம். வீட்ல வேலை செய்யறப்போ பேசிக்கிட்டே செய்யுங்க. அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது தீர்ப்பு மாதிரிக் கேட்டது. ஆட்டோவில் திரும்பும்போதே இயர்போனைக் கைப்பையின் அடியில் போட்டுவிட்டேன். பெற்ற தாய் ஊரார் பேச்சைக் கேட்டுக்கொண்டே சுற்றினால் குழந்தைக்கு எங்கிருந்து பேச்சு வரும்?

மறுநாளிலிருந்து நான் பேச ஆரம்பித்தேன்.

"அம்மா இப்போ வெங்காயம் நறுக்கறேன். பாத்தியா, வெங்காயம். கண்ணு எரியுது. அம்மா இப்போ குழாயத் திறக்கறேன். தண்ணி வருது. அம்மா இப்போ..."

கிரிக்கெட் வர்ணனைக்காரருக்காவது நடுவில் விளம்பரம் வரும். எனக்கு அதுவும் இல்லை. குழந்தை சிறிது நேரம் என் வாயைப் பார்ப்பாள். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவாள். நான் கரண்டியோடு பின்னாலேயே போய், "அம்மா இப்போ ஹாலுக்கு வந்துட்டேன்" என்பேன்.

பாத்திரம் தேய்க்க வரும் பெண் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இன்னாக்கா, காதுல ஒண்ணத்தையும் காணோம்? ரிப்பேரா? தனியாப் பேசிக்கினு கீற!"

"குழந்தைகிட்டப் பேசறேன்."

"கொயந்த ஹால்ல கீதுக்கா."

பூங்காவுக்கும் வெறும் காதோடு போனேன். இரண்டாவது சுற்றிலேயே கவலைகள் வந்து கூட நடக்க ஆரம்பித்தன. ஏன் இன்னும் பேசவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என்ன கேட்பார்கள், நான் வேலையை விட்டதே இதற்காகத்தானே, அதையும் சரியாகச் செய்யவில்லையா. மாமிகள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பினேன்.

எங்களோடுதான் என் மாமியார் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சும் நேராகத்தான் வரும். ஒரு வாரம் பொறுத்தவர், ஒரு காலையில் முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒரு விஷயம் கேப்பேன், கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"நீ இப்போ குழாயத் திறக்கறது எனக்குத் தெரிய வேண்டாம். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

"டாக்டர்தான் பேசச் சொன்னாரு..."

"பேசச் சொன்னாரு. ஒப்பிக்கச் சொன்னாரா? நாங்க யாரு ஒப்பிச்சோம்? உன் புருஷன் மூணு வயசு வரைக்கும் கையத்தான் நீட்டுவான். இப்போ பெருங்குடி ஆபீஸ்ல வாய மூடறானா?" கீரையை உதறினார். "உன் காதுல ஒரு பொண்ணு பேசுவாளே, எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு. அவளப் போடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடு. எனக்கும் பொழுது போகும்."

அது தன் வீட்டிலிருந்தே ஒரு பெண் பதிவு செய்யும் பாட்காஸ்ட். நம் சமையலில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது எந்த வழியாக வந்தது என்று நிதானமாகச் சொல்வார். என்னோடு ஒரே காலேஜில் படித்தவர் மாதிரி ஒரு குரல். அன்றைக்குப் பெருங்காயம். போனை அஞ்சறைப்பெட்டியில் சாய்த்து வைத்து ஒலியைக் கூட்டினேன். துவரம்பருப்பைக் குக்கரில் வைத்தேன். மாமியார் ஹாலில் மேஜை முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். குழந்தை அவர் காலடியில் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள். நான் பால்கனியில் துணி உலர்த்தப் போனேன். ஒரு வாரம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதும் தோள் இரண்டும் கீழே இறங்கின. அவ்வளவு நாள் அவை மேலே ஏறி நின்றதே அப்போதுதான் தெரிந்தது.

பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது என்று அந்தப் பெண் சொன்னார்.

"எங்க தெருக்கோடி மளிகைக் கடையிலேர்ந்து வருது" என்றார் மாமியார் ஹாலிலிருந்து.

எங்கள் வீட்டில் விசில் எண்ணுவது மாமியாரின் வேலை. யார் சமைத்தாலும், அவர் எந்த அறையில் இருந்தாலும், எண்ணி முடித்ததும் குரல் வரும். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை என்பது அவருடைய பெருமை, எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும்கூட. அன்றும் வந்தது.

"மூணாச்சு, அணை!"

கிளிப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து அணைத்தேன். ஆவி அடங்கித் திறந்து பார்த்தால் பருப்பு வைத்தபடியே இருந்தது. மத்தால் அழுத்தினேன், நழுவி ஓடியது. தண்ணீர் குறைவா? பழைய பருப்பா? பேச்சைக் கேட்டுக்கொண்டே அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டேனா? என்னவாக இருந்தாலும் என் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மாமியாரைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். "இது மூணு விசில் பருப்பு இல்ல."

"நீங்கதானே அத்தை அணைக்கச் சொன்னீங்க?"

"நான் எண்ணினேன். என் கணக்குத் தப்பாது."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பால்கனியில் இருந்தபோது அந்தப் பெண் பேச்சை நிறுத்தி, "மன்னிக்கணும், எங்க வீட்டுக் குக்கர்" என்று சிரித்திருந்தார். போனை எடுத்துப் பேச்சைப் பின்னால் தள்ளினேன். ஆப்கானிஸ்தான் வந்தது, மலைச்சரிவு வந்தது, அதன் நடுவில் ஊரெல்லாம் கேட்கும்படி ஒரு விசில். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

மாமியார் போனை முறைத்துப் பார்த்தார். "அப்போ நம்மளுது ஒண்ணு, இவளுது ரெண்டா? ஏம்மா, ஊருக்கே பேசறவ அடுப்ப அணைச்சிட்டுப் பேச மாட்டா? இவ பருப்பு வெந்துடுச்சு, நம்ம பருப்பு வேகல!"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி தள்ளி மறுபடி போட்டேன். விசில் அடித்தது. ஹால் தரையிலிருந்து ஒரு குரல் அதிகாரமாக வந்தது.

"மூணாச்சு, அணை!"

குழந்தை ஒரு கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அடுப்புப் பக்கம் நீட்டியிருந்தாள். மாமியாரின் அதே இழுப்பு, அதே மிரட்டல். நானும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி விசிலைப் போட்டேன். மறுபடி சொன்னாள். இரண்டு வார்த்தை. சேர்த்து.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் என் புத்தி அப்படியே விட்டுவிடுமா? முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"அத்தை, இது கணக்குல வருமா? நீங்க தினம் சொல்றதைத்தானே திருப்பிச் சொல்றா. அவளாச் சொல்லலையே."

"நீ மட்டும் நீயாவா பேசற? அன்னிக்கு மிளகாய் எந்தக் கப்பல்ல வந்துச்சுன்னு என் பிள்ளைகிட்ட அரை மணி நேரம் சொன்னியே, நீயா கண்டுபிடிச்ச? எல்லாரும் யார்கிட்டயோ கேட்டதத்தான் பேசறோம். குக்கர ஏத்து."

அவர் ஹாலுக்குக் கீரை ஆயத் திரும்பிப் போனார். பருப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, அடுப்பில் ஏற்றினேன். குழந்தை எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். விசில் வரும் இடத்தையே பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒன்று வந்துவிடாதா என்று நான் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

"பாத்தியா, அம்மா மறுபடி குக்கர் வெச்சிருக்கேன். உள்ள பருப்பு இருக்கு. இப்போ என்ன வரும்? விசில் வருமா? சொல்லு, விசில்..."

அவள் குக்கரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டம்ளர் இல்லாத கையால் என் வாயைப் பொத்தினாள்.

"அம்மா, பேசாத."

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவளாகவே சொன்னது. ஹாலில் மாமியார் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தக் குட்டிக் கையில் டம்ளர் வாசனையும் பிஸ்கட் வாசனையும் இருந்தன. நான் பேசவில்லை. அஞ்சறைப்பெட்டியில் சாய்ந்தபடி அந்தப் பெண் பெருங்காயத்தை மலையிலிருந்து இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, எங்கள் பக்கமாகக் கொண்டுவந்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே விசிலுக்காகக் காத்திருந்தோம்.