உறுமி வாரின் உட்பக்கம்

1. மீசை முளைத்த பர்ஸ்

பணி ஓய்வுக்குப் பிறகு நான் செய்த முதல் தோல் பர்ஸில் ஒரே வாரத்தில் பச்சைப் பூஞ்சை பிடித்தது. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் கியூ.சி. பிரிவில் வேலை பார்த்தவன் நான். அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது என் பொருளில் நானே குறை கண்டுபிடிக்கிறேன், சம்பளம் கிடையாது.

என் மனைவி சரோஜா பர்ஸை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு மீசை முளைச்சிருச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா அடையாள அட்டை ஐ.சி. எடுக்கக் கூட்டிட்டுப் போகணும்."

மலாக்காவில் வீட்டில் தோல் வேலை செய்ய நினைக்கிறவர்கள் முதலில் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். நம் காற்றில் பாதி தண்ணீர். தோலை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். காகிதத்தில் தளர்வாகச் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பூஞ்சை சாகும், தோலும் அப்பளமாகிவிடும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

2. மகேன் கேட்ட வார்

குருபோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் பின்வரிசை வீட்டில் மகேன் இருக்கிறான். பகலில் தொழிற்சாலை வேலை, திருவிழாக் காலத்தில் உறுமி மேளக் குழுவுக்குத் தலைவன். ஒரு சனிக்கிழமை காலை கேட்டைத் தட்டினான்.

"அங்கிள், நீங்க தோல் வேலை செய்றீங்களாம். உறுமியத் தோள்ல மாட்ட ஒரு வாரு செஞ்சு குடுப்பீங்களா?"

"கடையில் நைலான் வார் கிடைக்குமே."

"போன வருசம் அதான் மாட்டுனேன். கொக்கி ரோசாக் ஆயி ஒடஞ்சு, ரதத்துக்கு முன்னால உறுமி கீழ உழுந்து உருண்டுச்சு. வீடியோ பாக்கலையா?"

"பார்த்தேன்."

"எல்லாரும் பாத்துட்டாங்க. சிங்கப்பூர்ல இருக்கற எங்க அத்தை ரெண்டு தடவ பாத்தாங்களாம்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிப்பதற்கில்லை. திருவிழா நடப்பது அலோர் காஜா பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில். அவன் அப்பா காலத்திலிருந்து அங்கே அவர்கள் குடும்பத்து உறுமிதான். இந்த வருஷம் ஆற்றங்கரையில் புறப்பட்டு கோயில் வாசலுக்கு வரும் வரை அவன் உறுமி ஒருமுறை நின்றாலும், அடுத்த வருஷம் வேறு குழுவைக் கூப்பிடுவோம் என்று கோயில் தலைவர் சொல்லிவிட்டார்.

"என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"சிவப்பு. நாங்க வெள்ளை ஜிப்பா போடுவோம். அதுக்கு மேல சும்மா எடுப்பா இருக்கணும்லா."

வெள்ளைத் துணி, சிவப்புச் சாயம், நடுப்பகல் வெயில், வியர்வை. இந்த நான்கையும் ஒரே வாக்கியத்தில் கேட்ட கியூ.சி. ஆள் உடனே கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் வாரின் அகலம் என்ன என்று கேட்டேன்.

3. செய்த விதம்

வார், பெல்ட் போன்றவற்றுக்கு மரப்பட்டையில் பதப்படுத்திய தோல் வாங்குங்கள். கடையில் வெஜ்-டான் என்று கேட்டால் தருவார்கள். மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோலில் நீளவாக்கில் வெட்டுங்கள். வயிற்றுப் பக்கத்துத் தோல் விலை மலிவு, ஆனால் பாரம் ஏறினால் இழுபட்டுக்கொண்டே போகும். புது பிளேடு போடுங்கள். ஒரே மூச்சில் அழுத்தி வெட்டாமல் லேசாக மூன்று முறை இழுங்கள். வெட்டுவதற்கு வீட்டம்மாவின் காய் நறுக்கும் பலகையை எடுக்காதீர்கள். எடுத்தால், அது இனி உங்கள் பலகை.

வளையம் மாட்டும் இரண்டு முனைகளிலும் இரட்டை ஊசித் தையல் போட்டேன். ஒரு நூல், இரண்டு நுனியிலும் ஊசி, ஒரே ஓட்டையில் எதிரெதிராக நுழைய வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். அங்குலத்துக்கு ஏழு வீதம் மொத்தம் ஐம்பத்தாறு தையல். இன்னொரு முறை எண்ணினேன், ஐம்பத்தைந்து வந்தது. மறுபடி எண்ணினேன், ஐம்பத்தாறு. அதன் பிறகுதான் சாப்பிட்டேன்.

சாயம் பூசுவதற்கு முன் தோலை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள், முதல் கை நீளவாக்கில், இரண்டாவது குறுக்கே. நன்றாக உலர்ந்ததும் காய்ந்த துணியால் தேய்த்து, ஒட்டாமல் நிற்கும் தூளை எடுத்துவிட்டு, மேலே பூச்சு மருந்து போட வேண்டும். சாயத்தை உள்ளே பூட்டி வைப்பது அந்தப் பூச்சுதான். ஓரங்களின் கூர்முனையைச் சீவி, லேசாக நனைத்து, மரக்கட்டையால் சூடேறும் வரை தேய்த்து, தேன்மெழுகு தடவினால் கண்ணாடி மாதிரி வரும்.

இவ்வளவையும் மேல்பக்கத்துக்குச் செய்தேன். அந்த வாரம் விடாமல் மழை. எதுவும் உலரவில்லை. திருவிழா நெருங்கிவிட்டது. உட்பக்கம் வெளிறிப்போய் அழகில்லாமல் இருந்ததால் கடைசியாக அதற்கும் ஒரு கை சாயம் பூசினேன். பிறகு ஒரு வெள்ளைத் துணியை நனைத்து மேல்பக்கத்தில் இருபது முறை தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. வார் பாஸ்.

4. ஊர்வலம்

ஆற்றங்கரையில் கோயில் தலைவர் வாரைத் தொட்டுப் பார்த்தார்.

"தோலா அண்ணே? தோல் பெல்ட்டு, பர்ஸ் எதுவும் உள்ள கூடாதுன்னு வாசல்ல போர்டே போட்டிருக்கோம்."

"உறுமிக்கு ரெண்டு பக்கமும் என்ன கட்டியிருக்கு?" என்றேன்.

"அது மேளம்."

"இது மேளத்துக்கு வார்."

உறுமியையும் வாரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, வாசல் வரைக்கும் வரட்டும்" என்று தீர்ப்பு சொன்னார்.

மகேன் அடிக்க ஆரம்பித்தான். நானும் ஊர்வலத்தோடு ஓரமாக நடந்தேன். என் கண் வாரின் முனைத் தையல் மேலேயே இருந்தது. ஒரு நூல்கூட அசையவில்லை. மழை விட்டு வெயில் கொளுத்தியது. செம்பனை மரங்களுக்கு நடுவில் பாதி வழி வந்திருப்போம், பின்னால் ஓர் அம்மாள் அலறினார்.

"ஐயோ ரத்தம்! புள்ளை தோள்ல பாருங்க, ரத்தம்!"

மகேனின் ஜிப்பாவில் கழுத்தோரத்திலிருந்து மார்பு வரை சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சிவப்பைத் தெரியும். இரண்டு புட்டி கலந்து நான் உண்டாக்கிய நிறம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போனேன்.

"மகேன், அது ரத்தம் இல்ல, சாயம்! கழட்டிடு!"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கை நிற்கவில்லை. அதற்குள் இன்னோர் அம்மாள் வீட்டு வாசலிலிருந்து குடத்தோடு ஓடிவந்து, "புள்ளைக்கு எரியுமேப்பா" என்று அவன் தோளில் தண்ணீர் ஊற்றினார். சாயத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிவப்பு இடுப்பு வரை ஓடியது. கூட்டம் முழுக்கக் கைப்பேசியைத் தூக்கியது. போன வருஷம் உருண்ட உறுமியைப் படம் பிடித்த அதே ஆட்களாகத்தான் இருக்கும். தலைவர் நடந்துகொண்டே கைகூப்பினார். உறுமி கோயில் வாசல் வரை ஒருமுறையும் நிற்கவில்லை.

5. குழாயடி

நான் நேராகத் தலைவரிடம் போனேன்.

"அது சாயம். நான் பூசியது. ஜனங்களிடம் சொல்லிவிடுங்கள்."

"அண்ணே, உங்க வாரும் நல்லாதான் இருக்கு. மைக்குல உங்க பேரையும் சொல்றோம். அதுக்காக அந்தப் பையன் சிந்துன ரத்தத்தை ஏன் கொறைக்கறீங்க?"

"இல்லாத ரத்தத்தை எப்படிக் குறைப்பது? வாங்க, காட்டுகிறேன்."

கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் மகேனை உட்காரவைத்து ஜிப்பாவைக் கழற்றச் சொன்னேன். துணியை நனைத்து மார்பில் துடைத்தேன். துணி சிவந்தது, தோல் சுத்தமாக வந்தது.

"பார்த்தீர்களா? சாயம்" என்றேன்.

தலைவர் முகம் மாறியது. "ஏன்டா, ஊரையே ஏமாத்துனியா?"

"நான் எங்க அண்ணே ரத்தம்னு சொன்னேன்? நான் மேளம்தானே அடிச்சேன்."

தோளைத் துடைத்தேன். சுத்தம். கழுத்தும் தோளும் சேரும் இடத்துக்கு வந்தபோது மகேன் பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றான். அங்கே துடைக்கத் துடைக்கச் சிவப்பு திரும்பத் திரும்ப வந்தது. என் சுண்டுவிரல் நீளத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது.

வாரைப் புரட்டினேன். உட்பக்க ஓரத்தை நான் சீவவே இல்லை. விரலை ஓட்டினால் கத்தி மாதிரி இருந்தது. பூச்சு மருந்தும் அந்தப் பக்கத்துக்குப் போடவில்லை. பார்க்கிறவர் கண்ணில் படும் பக்கம் முழுவதும் முடிந்திருந்தது. அவன் கழுத்தில் படும் பக்கம் வேலை ஆரம்பிக்காமலே கிடந்தது.

"எங்க இருந்து அறுத்துச்சு?" என்று கேட்டேன்.

"அந்த ஸ்கூல் பக்கத்துல இருந்து அங்கிள்."

ஊர்வலம் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம்.

"கழட்டச் சொன்னேனே, ஏன் கழட்டல?"

"கழட்டுனா மேளம் நிக்கும். நின்னா வேற குழுவாம்." தலைவரைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

தலைவர் என் கையிலிருந்த துணியை வாங்கி அலசிப் பிழிந்து, அவனே வைத்து அழுத்திக்கொள்ளும்படி கொடுத்தார். "அடுத்த வருசமும் நீதான்டா. போய்ப் பிளாஸ்டர் போடு" என்றார். பிறகு மைக்கில் பேசும்போது ஜிப்பாவில் இருந்த சிவப்பு முழுவதையும் ரத்தக் கணக்கிலேயே சேர்த்துப் பேசினார். வாரைச் செய்தவன் என்று என் பெயரையும் சொன்னார். கைதட்டினார்கள். அப்படியொரு கைதட்டல் யாருக்கும் வர வேண்டாம்.

6. ஆறு வார்கள்

அடுத்த வாரம் மகேன் கழுத்தில் பிளாஸ்டரோடு வந்தான். சைவச் சாப்பாட்டுக் கடைப் பொட்டலம் ஒன்றை சரோஜாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அங்கிள், குழுவுக்கு ஆறு வாரு வேணும்."

"இன்னுமா என்னிடம்?"

"ஓரத்தை மட்டும் நல்லா வழிச்சிருங்க. சாயம் அப்படியே இருக்கட்டும்."

"சாயமும் நிற்கும்."

"கொஞ்சமா ஒழுகட்டும்லா. அத்தை சிங்கப்பூர்ல இருந்து போன் பண்ணி அழுதாங்க. அவங்க என் சின்ன வயசுல இருந்து ஒரு தடவகூட அழுததில்ல."

"ஒழுகும் வார் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்."

முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டான். ஆறையும் இந்த முறை உட்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். தோல் வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான். உடம்பில் படும் பக்கத்தை முதலில் முடியுங்கள். அங்கே ஓரம் சீவுங்கள், அங்கே பூச்சு போடுங்கள், அழகு பார்ப்பது பிறகு. முடித்ததும் மேசைமேல் வைத்துச் சோதிக்காதீர்கள். நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள்.

நான் வெள்ளை பனியன் போட்டு, ஒவ்வொரு வாரிலும் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெயில் நேரத்தில் தாமானைச் சுற்றி வந்தேன். ஒரு நாளைக்கு ஒரு வார். அண்டை வீட்டுக்காரர்கள் சரோஜாவிடம் நலம் விசாரித்தார்கள்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. கியூ.சி. பாக்குறாரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆறாவது வாரைக் கழற்றும்போது மகேன் வந்து நின்றான். என் கழுத்தில் ஒரு கீறல் இல்லை. பனியன் வேர்வையில் ஊறியிருந்தது, வெள்ளையாகத்தான் இருந்தது. அவன் ஒரு சொட்டுச் சிவப்பாவது தெரிகிறதா என்று என்னை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். முகம்தான் கொஞ்சம் வாடிப்போனது.