அக்கா ஆடிய விழுகட்டை

அக்கா ஜெயித்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஜெயித்துவிட்டு வந்தால் அம்மா பாயசம் வைப்பாள் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. ஜெயிப்பதில் ஆபத்து உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

நாங்கள் மலாய் நாட்டில், காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெங்கும் பேச்சாக இருந்த வருடம் அது. சுதந்திரம் எதில் வரும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் பஸ்ஸில்தான் வந்து இறங்கும் என்று ஓர் எண்ணம் இருந்தது. அப்பாவுக்கு ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. வேலை முடிந்து வரும்போது மூலைக் காப்பிக் கடைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, செயின் கழன்றுவிட்டதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டே செய்தி முழுவதையும் கேட்டுவிட்டு வருவார். காப்பி குடிக்காமல் உள்ளே உட்கார அவருக்குக் கூச்சம். அக்கா அதை ஒருநாள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "அப்பா பாவம்டீ" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் திடலில் ஃபன்ஃபேர் போட்டார்கள். ராட்டினம், வளையம் எறிதல், பொம்மை சுடுதல் எல்லாம் இருந்தன. ஆனால் கூட்டம் அலைமோதியது தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கடையில். மலாய்க்காரர்கள் அதைக் 'காயு ஜாத்தோ' என்றார்கள். நாங்கள் விழுகட்டை என்றோம். ஆள் உயரத்துக்கு இரண்டு பலகைத் தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பார்கள். மேலிருந்து ஓர் ஆள் கட்டையை விடுவான். மெழுகு பூசிய பலகையில் அது வழுக்கிக்கொண்டு வரும். ஆடுகிறவர் கையால் தொடக்கூடாது. கையில் கொடுத்திருக்கும் மூங்கில் குச்சியால் தட்டித் தட்டித் திருப்பி, கீழே இருக்கும் கட்டைகளோடு பொருத்த வேண்டும். ஒரு வரிசை சந்தில்லாமல் நிரம்பினால் பக்கப் பலகையைத் தூக்கி அந்த வரிசையை உருவிவிடுவார்கள். மேலே இருப்பவை சரிந்து இறங்கும். நிரம்பாத வரிசைகள் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆட்டம் போச்சு. இருவரில் யாருடைய குவியல் முதலில் கோட்டைத் தொடுகிறதோ அவர் தோற்றவர்.

கட்டைகளுக்குப் பேர் வைத்தது நாங்கள்தான். நீட்டுக்கட்டை, சதுரம், சப்பாத்து, கோணல். நடுவில் ஒரு புடைப்பு உள்ளதற்கு மூக்கு.

எங்களை அங்கே அழைத்துப் போனது மாமா. அம்மாவின் தம்பி. முச்சந்தி சைக்கிள் கடையில் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு. சிரிக்காமல் ஒரு வாய் சோறு இறங்காது அவருக்கு. அவர் ஆடினார், தோற்றார், மறுபடி ஆடினார், தோற்றார். பக்கத்தில் நின்ற அக்கா, "மாமா, மேலேயே ஏன் திருப்புறீங்க? கீழ வரட்டும்" என்றாள். மாமா எரிச்சலில் குச்சியை அவளிடம் நீட்டினார். "வாயாலயே ஆடுறியே, இந்தா புடி."

அது பகல் நேரம், கடையில் ஆளில்லை. அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு குச்சியை வாங்கினாள். மற்றவர்கள் எல்லாம் கட்டை மேலிருந்து புறப்பட்டதும் பதறிப்போய்த் திருப்பி, பிறகு வந்தபடி வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அக்கா அது அடிமட்டத்துக்கு வரும்வரை சும்மா இருந்தாள். குவியலைத் தொடப்போகும் கணத்தில் ஒரே ஒரு தட்டு. அது திரும்பி, தனக்கென்றே வெட்டியதுபோன்ற இடத்தில் போய் உட்கார்ந்தது. மாமா வாயைத் திறந்தவர் மூடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி நடந்தது. மாமா பிஸ்கட் பெட்டிப் பலகையில் கட்டைகள் அறுத்துக் கொடுத்தார். குழாயடியில் துணி துவைக்கும் பலகையைச் சாய்த்து வைத்து, அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் நேரத்தில் அக்கா ஆடினாள். மேலிருந்து கட்டை விடுவது என் வேலை. சுவரோரம் ஒட்டிக்கொண்டு வரும் நீட்டுக்கட்டையைத் திருப்ப இடமே இருக்காது. அக்கா அதை விலக்கப் பார்க்க மாட்டாள். இன்னும் சுவரோடு அழுத்துவாள். அழுத்திச் சட்டென்று விட்டால் அது சுவரை உதைத்துக்கொண்டு ஒரு கட்டம் தள்ளி வந்து திரும்பிவிடும். இதற்கு மாமா 'உதை' என்று பேர் வைத்தார்.

அதைவிடப் பெரிய வித்தை மூக்குக் கட்டையில் இருந்தது. அக்கா வேண்டுமென்றே ஒரு குழி விடுவாள். குழியின் அடியில் பக்கவாட்டில் ஒரு பொந்து, பொந்தின் மேல் ஒரு கட்டை கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் கெட்டுப்போன ஆட்டம். அதில் எந்தக் கட்டையும் போகாது. மூக்கு வந்ததும் அதை நட்டுக்குத்தாகக் குழிக்குள் இறக்குவாள். அடியில் உட்காரும்போது வாலில் ஒரு தட்டு. கட்டை புரண்டு, மூக்கு அந்தக் கூரைக்கு அடியில் போய் நுழைந்துகொள்ளும். இரண்டு வரிசை ஒரே நேரத்தில் நிரம்பும். எத்தனையோ தடவை பிசகிய பிறகு அது முதன்முதலாக உள்ளே போனபோது அக்கா குச்சியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

இதே நாட்களில் அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. புக்கிட் ரம்பாயிலிருந்து. மாப்பிள்ளை ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். அத்தைதான், அதாவது அப்பாவின் தங்கைதான், கொண்டுவந்தாள். பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் போன பின்பு அக்கா அறைக்குள் நின்று, மாப்பிள்ளை எந்தப் பக்கம் வகிடு எடுத்திருந்தார் என்று என்னைக் கேட்டாள். நான் பார்க்கவில்லை. "எதுக்குடி கண்ணு உனக்கு?" என்று தலையில் குட்டினாள். அவள் பார்த்திருந்தாள் என்பதும், அதைப் பற்றி யாரோடாவது பேச ஆசைப்பட்டாள் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

ஃபன்ஃபேரின் கடைசி நாளில் போட்டி வைத்தார்கள். பரிசு ஒரு ரேடியோப் பெட்டி. சுதந்திரத்தை வீட்டில் உட்கார்ந்தே கேட்கலாம் என்று ஒலிபெருக்கியில் கூவினார்கள். மாமா தன் பேரைக் கொடுத்தார். அக்கா சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அவர் படித்திருந்தார். அக்கா கூட்டத்தில் நின்று பார்ப்பது என்று ஏற்பாடு. அப்பாவுக்கு ரேடியோவைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது என்ன சொல்வது என்று வழியெல்லாம் நானும் அவளும் பேசிக்கொண்டு போனோம்.

மாமா எப்படியோ கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டார். எதிராளி எங்கள் பக்கத்துச் செட்டிக் கம்பத்துப் பையன். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசியே வாழும் தமிழர்களின் குடியிருப்பு அது. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். நிதானமாக ஆடினான். மாமா அக்காவைப்போல் குழி விட்டார். ஆனால் மூக்கு வந்தபோது பதறி மேலேயே தட்டிவிட்டார். குழி அப்படியே நின்றது. மேலே கட்டைகள் ஏறின. சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண்கூட இல்லை. மாமா திரும்பி, கூட்டத்தில் அக்காவைத் தேடிப் பிடித்து இழுத்தார்.

"என்னால முடியல. நீ வா."

"மாமா, ஆளுங்க..."

"வா புள்ள, கட்ட வருது!"

அக்கா ஒரு தடவை சுற்றிலும் பார்த்தாள். மேலே கட்டை புறப்பட்டுவிட்டது. அவள் கை தானாகக் குச்சிக்குப் போனது. செட்டிப் பையன் சிரித்துக்கொண்டு தலையாட்டவும், தவுக்கேயும் கூட்டம் கத்துவதைப் பார்த்து விட்டுவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் கட்டை கட்டையாகச் சொல்ல முடியும். முதலில் சுவரோரம் ஒரு நீட்டுக்கட்டை. உதைத்துத் திருப்பினாள். ஒரு வரிசை போனது. ஒரு கோணல், கடைசி நொடியில் தட்டி ஒரு சந்துக்குள் சொருகினாள். இன்னொரு வரிசை. மாமா மூடாமல் விட்ட குழி வெளியே தெரிந்தது. மூக்கு வந்தது. கூட்டம் அடங்கிப்போனது. அவள் அதை இறக்கினாள், வாலில் தட்டினாள். அது புரண்டு உள்ளே போன சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தொட்டியில் குவியல் கோட்டைத் தொட்டது. செட்டிப் பையன் குச்சியை அக்காவின் காலடியில் வைத்து, "பாண்டாய்லா!" என்றான். கெட்டிக்காரி என்று அர்த்தம்.

ஒலிபெருக்கிக்காரர் பெண்ணின் பேரைக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "டிக்கெட் செக்கர் மக! காஜா பேராங் டிக்கெட் செக்கர் மூத்த மக!" என்று கத்தினார். ஒலிபெருக்கி அதை மூன்று பாஷைகளில் திடலுக்கும் திடலைத் தாண்டியும் சொன்னது. ராட்டினத்துக்குப் பக்கத்தில், பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவுக்குச் செய்தி ஓடுகிற பஸ்ஸிலேயே கிடைத்துவிட்டது. யாரோ ஒரு பயணி டிக்கெட்டை நீட்டியபடி, "உங்க மக ஜெயிச்சிருச்சாமே" என்று வாழ்த்தினாராம். அப்பா வீட்டுக்கு வந்தபோது ரேடியோ மேசைமேல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. மாமாவிடம் மட்டும் பேசினார்.

"இனிமே இந்த வாசப்படி ஏறாதே."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, கத்தவில்லை. அடித்திருந்தால் அக்கா அழுதிருப்பாள். அம்மா அடுப்படியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அத்தை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாள். "ஆம்பளைங்க மத்தியில குச்சி புடிச்சி ஆடுற பொண்ணு நமக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அங்க போய் மூக்க நுழைக்கிற வேல?" நான் பூரித்துப்போனேன். அத்தைக்குக்கூட அந்த வித்தையின் பேர் தெரிந்திருக்கிறதே என்று.

ரேடியோவை அப்பா ஒரு தடவைகூடத் திருகவில்லை. எங்களையும் தொடவிடவில்லை. சுதந்திரம் வந்த அன்று தெருவில் எல்லா வீடுகளிலிருந்தும் ஆரவாரம் கேட்டது. அப்பா காப்பிக் கடைக்கு வெளியே சைக்கிளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று கேட்டுவிட்டு வந்தார். அக்கா பிஸ்கட் பெட்டிக் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்து அரிசி வேகவைத்தாள். அதற்குப் பின் எத்தனையோ வரன்கள் வந்தன. ஒவ்வொன்றும் புக்கிட் ரம்பாயில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. அக்கா கடைசிவரை அந்தப் பலகை வீட்டிலேயே இருந்தாள்.

ஆனால் அதெல்லாம் நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியாத காலத்தில், சுதந்திரம் வந்து சில வாரங்கள் கழித்து, மத்தியானத்தில் ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். அந்த மாப்பிள்ளைதான். தனியாக வந்திருந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா பதறி, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டாள். அவர் தண்ணீர் மட்டும் போதும் என்றார். வலது பக்கம் வகிடு எடுத்திருந்தார். இந்த முறை நான் பார்த்துவிட்டேன்.

அக்காதான் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்.

"அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேங்க. அந்தக் கடைசிக் கட்ட... நல்லா ஆடுனீங்க."

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா பேச்ச என்னால மீற முடியலங்க. அத நேருல சொல்லணும்னு தோணுச்சு."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அக்கா அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, டம்ளரைக் கையில் பிடித்தபடி கழுவாமல் நின்றாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. எங்கள் வீட்டில் தண்ணீரை அப்படி யாரும் ஓடவிட மாட்டார்கள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை.

நான் முச்சந்திக்கு ஓடினேன். மாமா ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்துக் கம்பி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா! மாப்பிள்ள வந்தாரு! தனியா வந்தாரு! அக்கா ஆடுனது நல்லா இருந்துச்சுன்னு அவரே சொன்னாரு! அக்காவுக்குக் கல்யாணம்!"

அவர் வேறு என்ன சொன்னார் என்று மாமா கேட்டார். நான் எல்லாவற்றையும், அம்மா பேச்சை மீற முடியாது என்று அவர் சொன்னதையும், மூச்சு வாங்கச் சொன்னேன். என் கணக்கில் முக்கியமானது முதலில் சொன்னதுதான். மாமா சக்கரத்தைக் கீழே வைத்தார். கிரீஸ் படிந்த இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, கடை நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதார்.

இவ்வளவு நல்ல சேதியைக் கொண்டுவந்திருக்கிறேன், இவர் ஏன் அழுகிறார் என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.